நான்காவது டவுனில் பழி யாருக்கு?



வெற்றி மனப்பான்மை பற்றிப் பேச வருபவர்கள் வழக்கமாக உங்களை நாற்காலியிலிருந்து எழுப்பி, நாலு தடவை கைதட்ட வைத்து, வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்தக் கலை எனக்குக் கைவராது. நான் ஒரே ஒரு முடிவைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். அமெரிக்கக் கால்பந்தில் பயிற்சியாளர் முப்பது நாற்பது விநாடிக்குள் எடுத்தாக வேண்டிய முடிவு அது. எது சரி என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகும், பல ஆண்டுகள் எல்லோரும் கூடி அதைத் தவறாகவே எடுத்தார்கள். விவரம் தெரிந்தவர்கள், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்கள். ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதே இன்றைய பேச்சு.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக விதியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மைதானம் 100 யார்டு நீளம். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து யார் கையில் இருக்கிறதோ அந்த அணிக்கு நான்கு முயற்சி. ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். நான்கு டவுனுக்குள் 10 யார்டு முன்னேறினால் புதிதாக நான்கு கிடைக்கும். முன்னேறாவிட்டால், நின்ற இடத்திலேயே பந்தை எதிரியிடம் ஒப்படைக்க வேண்டும். எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. இந்த நான்கு டவுன் ஏற்பாடு 1912இல் வந்தது.

மூன்று டவுன் தீர்ந்துவிட்டது, இன்னும் 2 யார்டு பாக்கி. இப்போது என்ன செய்வது? கம்பம் எட்டும் தூரத்தில் இருந்தால் ஃபீல்டு கோலுக்கு உதைக்கலாம். எட்டாவிட்டால் ‘பன்ட்’ என்று பந்தை வெகுதூரம் உதைத்து எதிரியைப் பின்னால் தள்ளிவிடலாம். அல்லது வருவது வரட்டும் என்று நான்காவது முறையும் முயன்று பார்க்கலாம்.

புரோ கபடி பார்ப்பவர்களுக்கு ‘டூ ஆர் டை’ ரெய்டு தெரியும். அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும். எடுக்காவிட்டால் ரெய்டர் வெளியே. அங்கே விதியே ஆளைப் பிடித்துத் தள்ளுகிறது, கோழைத்தனத்துக்கு இடமே இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் தப்பித்துக்கொள்ள வழி உண்டு. அந்த வழியில் போனால் யாரும் ஏன் என்று கேட்பதும் இல்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இது ஓயாமல் ஓடும் ஆட்டம் இல்லை. ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் நிற்கும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடி. அதற்குள் பயிற்சியாளர் கையிலுள்ள அட்டையைப் பார்த்து, யார் எங்கே நிற்பது, யார் எங்கே ஓடுவது, பந்து யாருக்குப் போவது என்று ஒரு வியூகத்தைத் தேர்ந்தெடுத்துச் சொல்கிறார். 1994 முதல் அது வானொலி வழியாக, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் நேரே போய்ச் சேர்கிறது. கடிகாரத்தில் 15 விநாடி பாக்கி இருக்கும்போது அந்தத் தொடர்பைத் துண்டித்துவிடுவார்கள். பந்தை எறிபவர் வேறு, எறியச் சொன்னவர் வேறு. கோட்டுக்கு வெளியே நிற்கும் ஒருவரின் முடிவு இத்தனை வெட்டவெளிச்சமாக, இத்தனை தடவை தெரிகிற விளையாட்டு வேறு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

இனி கணக்குக்கு வருவோம். மைதானத்தின் எந்த இடத்தில் பந்து இருந்தால் சராசரியாக எத்தனை புள்ளி மதிப்பு என்று முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஆட்டக்காரரேதான். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் வர்ஜில் கார்ட்டர். அவரும் ராபர்ட் மாச்சால் என்ற பேராசிரியரும் சேர்ந்து 1971இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பயிற்சியாளர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முப்பது ஆண்டு கழித்து பெர்க்லியின் பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர் அதே இடத்தைத் தோண்டினார். என்.எஃப்.எல். என்னும் தொழில்முறைத் தொடரின் 1998, 1999, 2000 ஆண்டு ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் முதல் கால்பகுதியை மட்டும் ஆராய்ந்தார். முதல் கால்பகுதியில் யாரும் பதற்றத்தில் இருக்கமாட்டார்கள், புள்ளி வித்தியாசத்துக்கு ஏற்ப ஆட்டம் திரியாது என்பதால் அந்தத் தேர்வு. அவர் தந்த ஓர் எடுத்துக்காட்டு போதும், முழுச் சங்கதியும் புரிந்துவிடும்.

எல்லைக்கோட்டுக்கு 2 யார்டு, நான்காவது டவுன். ஃபீல்டு கோல் உதைத்தால் 3 புள்ளி கிட்டத்தட்ட நிச்சயம். முயன்று பார்த்தால் ஏழுக்கு மூன்று தடவை டச்டவுன் கிடைக்கும். அதற்குப் பிந்தைய கூடுதல் உதையையும் சேர்த்தால் 7 புள்ளி. ஆக, சராசரி அதுவும் 3. இரண்டும் சமம்தானே, நிச்சயமானதை எடுத்துக்கொள்வோம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் தோற்றால் என்ன ஆகிறது? எதிரி தன் எல்லைக்கோட்டுக்கு 2 யார்டு முன்னால் முதுகு சுவரில் இடிக்க நின்று ஆடவேண்டும். ஃபீல்டு கோல் போட்டால் நாம் பந்தை உதைத்துக் கொடுக்க, எதிரி வசதியாக இருபத்தைந்து முப்பது யார்டு முன்னால் வந்து தொடங்குவார். இந்த வித்தியாசத்துக்கும் விலை உண்டு. அதைச் சேர்த்தால் துணிந்து பார்ப்பதே லாபம். இப்படி மைதானம் முழுக்கக் கணக்கிட்டுப் பார்த்தபோது, அணிகள் எங்கெல்லாம் துணிய வேண்டுமோ அங்கெல்லாம் பெரும்பாலும் உதைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கட்டுரை 2006இல் அச்சாயிற்று. நிறுவனங்கள் உண்மையிலேயே ஆதாயத்தை மட்டும் நோக்கித்தான் நடக்கின்றனவா என்பதே ரோமரின் அடிப்படைக் கேள்வி. பந்து அவருக்கு ஒரு சாக்கு.

அந்தக் கேள்விக்கு என் விடை இது. பயிற்சியாளர்கள் வெற்றி வாய்ப்பைப் பெருக்கவில்லை, தங்கள் மேல் விழும் பழியைக் குறைத்துக்கொண்டார்கள். பன்ட் உதைத்துவிட்டுத் தோற்றால் ‘பையன்கள் சரியாக ஆடவில்லை’ என்பார்கள். துணிந்து பார்த்துத் தோற்றால் ‘கிழவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது’ என்பார்கள். தோல்வி ஒன்றுதான், சுமக்கும் தோள் வேறு. பருவம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமையை அங்கே கறுப்புத் திங்கள் என்கிறார்கள். பயிற்சியாளர்கள் கூட்டமாக வேலை இழக்கும் நாள். 32 அணி, 32 நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர் ஊரோடு ஒத்து வாழ்ந்துவிட்டுப் போகவே ஆசைப்படுவார்.

ஊரோடு ஒத்துப்போகாதவருக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். 2009 நவம்பர் 15, இண்டியானாபொலிஸ். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 34, கோல்ட்ஸ் 28. பாக்கி 2 நிமிடம் 8 விநாடி. பேட்ரியட்ஸ் தன் பக்கத்து 28 யார்டுக் கோட்டில் நிற்கிறது. நான்காவது டவுன், 2 யார்டு தேவை. உலகமே பன்ட் எதிர்பார்த்தது. பயிற்சியாளர் பில் பெலிச்சிக் பொருளாதாரம் படித்தவர், ரோமரின் கட்டுரையையும் பார்த்திருந்தவர். அந்தப் பக்கம் பேட்டன் மேனிங் என்ற எமகாதகர் காத்திருக்கிறார். எழுபது யார்டு தள்ளி நிறுத்தினாலும் அவர் வந்துவிடுவார். பெலிச்சிக் துணிந்தார். டாம் பிரேடி எறிந்தார், கெவின் ஃபாக் பிடித்தார், கோட்டுக்குச் சற்று முன்பே அமுக்கப்பட்டார். பந்து கைமாறியது. 13 விநாடி மிச்சமிருக்கையில் மேனிங்கின் டச்டவுன். 35-34.

அன்றிரவு பெலிச்சிக்கைத் திட்டாதவர் இல்லை. சூப்பர் பௌல் என்னும் இறுதிப் போட்டியை மூன்று முறை வென்ற மனிதர் என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. பிரையன் பர்க் என்ற புள்ளிவிவர ஆய்வாளர் மட்டும் கணக்கைப் போட்டு, துணிந்ததால் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 79, உதைத்திருந்தால் 70 என்று எழுதினார். யார் காதில் ஏறியது?

ஆனால் எதிர்ப்புக் குரல்களில் ஒன்றை நான் மதிக்கிறேன். பெலிச்சிக்கிடமே ஆடி ஓய்வுபெற்ற டெடி புருஸ்கி, தற்காப்பு வீரர். தற்காப்பை நம்பாததால்தானே பன்ட் உதைக்கவில்லை, அது எங்களை அவமதிப்பது ஆகாதா என்ற பொருளில் அவர் வருத்தப்பட்டார். கணக்குக்காரர்கள் இதைச் சிரித்து ஒதுக்கினார்கள். நான் ஒதுக்கமாட்டேன். ஒவ்வொரு முடிவும் தன் ஆட்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது. ‘உன்னை நம்புகிறேன்’ என்று ஒரு பாதி அணியிடம் சொல்லும்போது, மறுபாதி அதை எப்படிக் கேட்கும் என்பதும் பயிற்சியாளர் கவலைப்பட வேண்டிய விஷயமே. மனப்பான்மையை வளர்ப்பது என்ற பேச்சு இங்கிருந்து தொடங்கினால்தான் அர்த்தப்படும். சுவரில் ஒட்டும் வாசகங்களிலிருந்து தொடங்கினால் அல்ல.

வாசகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. வெற்றி முக்கியம் என்பதல்ல, வெற்றி ஒன்றே எல்லாம் என்ற பொருளில் புழங்கும் பிரபலமான சொல்லை கிரீன் பே பேக்கர்ஸ் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் தலையில் கட்டுகிறார்கள். அவருக்கு முன்பே அதைச் சொன்னவர் ரெட் சாண்டர்ஸ் என்ற கல்லூரிப் பயிற்சியாளர். லொம்பார்டியைப் புரிந்துகொள்ள அந்த வாசகம் உதவாது, 1967 டிசம்பர் 31 உதவும். கிரீன் பே நகரில் அன்று உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸ். மைதானத்துக்கு அடியில் பதித்திருந்த சூடேற்றும் கருவியும் செயலிழந்து, தரை பனிப்பாளமாகிவிட்டது. டல்லஸ் கௌபாய்ஸ் 17, பேக்கர்ஸ் 14. 16 விநாடி பாக்கி, எல்லைக்கோடு ஒரு யார்டுக்கும் குறைவு. ஆட்டத்தை நிறுத்தக் கேட்கும் உரிமையும் தீர்ந்துவிட்டது. ஃபீல்டு கோல் உதைத்தால் சமன். ஓடித் தோற்றால் மீண்டும் அணிவகுக்க நேரமிருக்காது, கதை முடிந்தது. குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் பயிற்சியாளரிடம் வந்து, பின்னால் நிற்பவர்களுக்குக் கால் வழுக்குகிறது, நானே பந்தோடு நுழைந்துவிடுகிறேன் என்றார். சரி, செய், முடித்துக்கொண்டு இந்தக் குளிரிலிருந்து கிளம்புவோம் என்கிற பாணியில் லொம்பார்டி பதில் சொன்னார். ஸ்டார் நுழைந்தார். 21-17.

சர்வாதிகாரி என்று பெயரெடுத்த மனிதர் அந்த நொடியில் தன் ஆளின் யோசனையைக் கேட்டுக்கொண்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி தேவைப்படும்.

கல்லூரி ஆட்டங்களிலிருந்து ஒரு ஜோடி. 1966 நவம்பர் 19, தோல்வியே காணாத இரண்டு அணிகள், நோட்டர் டேம், மிச்சிகன் ஸ்டேட். 10-10. ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம் பாக்கி, பந்து நோட்டர் டேம் கையில். பயிற்சியாளர் ஆரா பார்சீகியன் வெற்றிக்குப் பாயவில்லை. பெரும்பாலும் தரையோடு தரையாக ஓடவிட்டு நேரத்தைக் கழித்தார். அவருடைய முதல் குவார்ட்டர்பேக் காயம்பட்டு வெளியே போயிருந்தார். மாற்றாக ஆடியவர் சர்க்கரை நோயாளி, களைத்துப்போயிருந்தார். நியாயமான காரணங்கள். அடுத்த வாரம் 51-0 என்று ஒரு வெற்றி, அந்த ஆண்டின் தேசிய சாம்பியன் பட்டமும் கிடைத்தது. ஆனால் அவர் சாகும்வரை அந்தச் சமனைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

1984 ஜனவரி 2, மயாமி, ஆரஞ்சு பௌல். மயாமி அணியோடு மோதிய டாம் ஆஸ்போர்னின் நெப்ராஸ்கா அந்த ஆண்டு ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. கடைசிக் கால்பகுதியில் 31-17 என்று பின்தங்கியிருந்தவர்கள் 48 விநாடி இருக்கையில் 31-30க்கு வந்துவிட்டார்கள். ஓர் உதை உதைத்தால் சமன், சமன் ஆனால் பட்டம் அநேகமாக அவர்களுக்கே. கல்லூரி ஆட்டத்தில் அப்போது கூடுதல் நேரம் கிடையாது. ஆஸ்போர்ன் சமனுக்குப் போகவில்லை. உதைக்குப் பதில் பந்தை மறுபடி எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோய் இரண்டு புள்ளி எடுக்க முயன்றார். கென்னி கால்ஹூன் என்ற மயாமி வீரரின் விரல் பட்டுப் பந்து திசைமாறியது. பட்டம் மயாமிக்குப் போயிற்று.

இங்கே பர்க்கின் கணக்கு ஆஸ்போர்னுக்குக் கைகொடுக்காது. வெறும் கணக்கு பார்த்தால் உதைப்பதே சரி. பட்டம் கையில் இருந்தது. ஆனாலும் பட்டத்தைத் தோற்ற அந்த முடிவுக்காக அவரை யாரும் பழிக்கவில்லை, பட்டத்தை வென்ற பார்சீகியனைப் பழித்தார்கள். இதில் நான் பார்சீகியன் கட்சி இல்லை என்றாலும், அவருக்கு இழைக்கப்பட்டது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆஸ்போர்ன் 1994, 1995, 1997 ஆண்டுகளில் பட்டம் வாங்கிவிட்டார் என்பதால் அந்தக் கதை நமக்கு இனிக்கிறது. வாங்காமலே ஓய்வுபெற்றிருந்தால் நாம் என்ன பேசியிருப்போம்?

இப்போது 2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ். சூப்பர் பௌல். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அதுவரை அந்தக் கோப்பையைத் தொட்டதே இல்லை. எதிரே மீண்டும் பெலிச்சிக், மீண்டும் பிரேடி. ஈகிள்ஸின் பிரதான குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் டிசம்பரிலேயே முழங்காலில் காயம்பட்டு உட்கார்ந்துவிட்டார். மாற்றாள் நிக் ஃபோல்ஸ். பயிற்சியாளர் டக் பீடர்சன், தானும் ஆட்டக் காலத்தில் பெரும்பாலும் மாற்றாளாகவே பெஞ்சைத் தேய்த்தவர். அதற்குப் பத்தாண்டுக்கு முன்பு லூசியானாவில் ஒரு பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பருவம் முழுக்க பீடர்சன் நான்காவது டவுனில் துணிந்தவர். 26 முறை முயன்று 17 முறை வென்றிருந்தது அணி. புள்ளிவிவர உதவியாளர் ஒருவர் ஆட்டம் நடக்கும்போதே அவர் காதில் பேசிக்கொண்டிருப்பார்: இந்த இடத்தில் போகலாம், இந்த இடத்தில் வேண்டாம். ஆக, பார்ப்பவர்களுக்கு அசட்டுத் தைரியமாகத் தெரிந்தது, அணிக்குள் வாரத்தின் நடுவிலேயே பேசி முடிவாகியிருந்த விஷயம். வீரர்களும் மூன்றாவது டவுன் ஆடும்போதே, அடுத்ததும் உண்டு என்று தெரிந்து ஆடினார்கள். இது சின்ன லாபம் இல்லை. நான்காவது உண்டு என்றால் மூன்றாவதில் பத்து யார்டுக்கும் பேராசைப்பட வேண்டாம், ஏழு யார்டு எடுத்தால் போதும். வியூகமே மாறிப்போகிறது.

இடைவேளைக்கு 38 விநாடி. ஈகிள்ஸ் 15-12 என்று முன்னணி. எல்லைக்கோட்டுக்கு ஒரு யார்டு, நான்காவது டவுன். மூன்று புள்ளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்திருக்கலாம். ஃபோல்ஸ் கோட்டோரம் வந்து பீடர்சனிடம், ‘ஃபில்லி ஃபில்லி’ என்ற தந்திர வியூகத்தைப் போடலாமா என்று கேட்டார். பீடர்சன் ஒரு நொடி நிதானித்து, சரி, செய்வோம் என்றார். பந்து குவார்ட்டர்பேக்குக்கு வராமல் கோரி கிளெமென்ட்டுக்குப் போனது. அவர் டிரே பர்ட்டனுக்குக் கைமாற்றினார். பர்ட்டன் எறிய, பந்தை எறிபவராக இருக்கவேண்டிய ஃபோல்ஸ் தனியே ஓடிப்போய் மூலையில் அதைப் பிடித்தார். டச்டவுன். இது ஈகிள்ஸின் சொந்தச் சரக்கும் அல்ல. சிகாகோ பேர்ஸ் முந்தைய பருவத்தில் ஆடியதைப் பார்த்து எடுத்துவைத்துக்கொண்டது. அதே நாளில், அதற்குக் கொஞ்சம் முன்னால், பேட்ரியட்ஸ் இதேபோல ஒரு தந்திரத்தில் பிரேடிக்குப் பந்தை எறிந்து, அவர் கையில் பட்டு நழுவியிருந்தது.

ஸ்டார் கேட்டார், லொம்பார்டி சரி என்றார். ஃபோல்ஸ் கேட்டார், பீடர்சன் சரி என்றார். நடுவில் ஐம்பது ஆண்டு. யோசனை ஆட்டக்காரருடையது, பழி பயிற்சியாளருடையது. அந்தப் பந்து நழுவியிருந்தால் ஃபோல்ஸை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மூன்று புள்ளியை வீணாக்கிய முட்டாள் என்று பீடர்சன் பேரைத்தான் எழுதியிருப்பார்கள். அது இருவருக்கும் தெரியும். அது தெரிந்ததால்தான் ஃபோல்ஸால் வாய் திறந்து கேட்கவே முடிந்தது. வெற்றி மனப்பான்மை என்று ஒன்று இருந்தால், என்னைப் பொறுத்தவரை அது இந்தப் பேரம்தான்.

எல்லோரும் அந்த டச்டவுனைத்தான் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. கடைசிக் கால்பகுதி, ஐந்தரை நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி, ஈகிள்ஸ் 32-33 என்று ஒரு புள்ளி பின்னால். தன் பக்கத்து 45 யார்டுக் கோடு, நான்காவது டவுன், ஒரு யார்டு. தோற்றால் பிரேடி கையில் பாதி மைதானம். தந்திரமும் இல்லை, பெயர் வைத்த வியூகமும் இல்லை. ஃபோல்ஸ் ஸாக் எர்ட்ஸுக்கு எறிந்தார், 2 யார்டு. அவ்வளவுதான். அந்த 2 யார்டிலிருந்து வளர்ந்ததுதான் வெற்றி டச்டவுன். முடிவு 41-33. 2018 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியா மைதானத்துக்கு வெளியே ஃபோல்ஸும் பீடர்சனும் பேசிக்கொள்ளும் அந்தக் காட்சிக்குச் சிலை வைத்தார்கள். 2021 ஜனவரியில் அதே நிர்வாகம் பீடர்சனை வேலையிலிருந்து நீக்கியது.

துணிச்சலைப் புகழ்ந்துவிட்டுப் போவதென்றால் இங்கேயே உட்கார்ந்துவிடலாம். ஆனால் இதில் இருட்டான பக்கம் ஒன்று இருக்கிறது. 2010 பிப்ரவரி 7 சூப்பர் பௌலில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் இரண்டாம் பாதியைத் தொடங்கியபோது, பயிற்சியாளர் ஷான் பேட்டன் பந்தைத் தூர உதைக்காமல் பத்துப் பதினைந்து யார்டு மட்டும் தட்டவிட்டுத் தன் ஆட்களையே எடுக்க வைத்தார். அப்படியொரு திடீர் உதையை அதற்குமுன் சூப்பர் பௌலில் கடைசிக் கால்பகுதிக்கு முன்னால் யாரும் முயன்றதில்லை. 10-6 என்று பின்தங்கியிருந்த அணி 31-17 என்று வென்றது. கத்ரீனா புயலில் மூழ்கி எழுந்த ஊருக்கு முதல் கோப்பை. அதே அணியில் 2009 முதல் 2011 வரை, எதிரணி வீரர்களைக் காயப்படுத்தி வெளியேற்றுவதற்குப் பணப்பரிசு தரும் ஏற்பாடு இருந்ததாக 2012இல் தொடர் நிர்வாகம் அறிவித்தது. பேட்டனை அந்தப் பருவம் முழுக்க விலக்கி வைத்தது. ஆட்டக்காரர்கள் மேல் விதித்த தண்டனை பிறகு ரத்தாயிற்று. ஆக்ரோஷம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டு மூடிவிடுகிறார்கள். ஒன்றில் ஆபத்து தனக்கு, மற்றதில் ஆபத்து எதிரியின் முழங்காலுக்கு. இதை ஒரு மனப்பான்மையின் இரு முகம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கணக்கு மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு. ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக் நகரின் புலாஸ்கி அகாடமி பள்ளியில் கெவின் கெல்லி என்ற பயிற்சியாளர் பன்ட் உதைப்பதையே கிட்டத்தட்டக் கைவிட்டார். 2011இல் ஓர் ஆட்டத்தில் எதிரணி ஒரு முறைகூடப் பந்தோடு ஆடத் தொடங்குவதற்குள் 29-0. ஒன்பது மாநிலப் பட்டங்கள். பிறகு 2021இல் பிரெஸ்பிடீரியன் கல்லூரிக்குப் போனார். முதல் ஆட்டத்தில் 84 புள்ளி. அவருடைய குவார்ட்டர்பேக் 10 டச்டவுன் எறிந்தார். முதல் இரண்டில் வெற்றி, அடுத்த ஒன்பதிலும் தோல்வி. அந்த ஒரு பருவத்தோடு பதவி விலகினார். கணக்கு மாறவில்லை, ஆட்கள் மாறிவிட்டார்கள். ஒரு யார்டை முட்டித் தள்ளித் திறக்கும் உடம்புகள் இல்லாதவனுக்கு நூற்றுக்கு எத்தனை என்ற அட்டவணையால் என்ன பயன்?

கடைசியாக டெட்ராய்ட். 1957இல் பட்டம் வென்ற டெட்ராய்ட் லயன்ஸ், அதன்பின் அறுபத்தைந்து ஆண்டுக்கும் மேலாகப் பருவத்துக்குப் பிந்தைய நாக்அவுட் ஆட்டங்களில் ஜெயித்தது ஒரே ஒரு முறை. 2008இல் 16 ஆட்டம், 16 தோல்வி. அந்த 2008 அணியில் இருந்தவர் டான் கேம்ப்பெல். 2021 ஜனவரியில் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது, கீழே விழுந்தால் எழும்போது எதிரியின் முழங்கால் சில்லைக் கடித்துக்கொண்டு எழுவோம் என்று பேசினார். நாடே சிரித்தது. எனக்கும் அது ரசிக்கத்தக்க பேச்சு இல்லை. முதல் பருவம் 3 வெற்றி, 13 தோல்வி, ஒரு சமன். அடுத்தது 1-6 என்று தொடக்கம். ஆனால் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் தொடங்குவதற்குள் தங்கள் வாய்ப்பு போய்விட்டது என்று தெரிந்தும், கிரீன் பே போய் ஆடி, வென்று, அவர்களையும் வெளியே இழுத்துப்போட்டார்கள். கேலி அன்றோடு குறைந்தது.

2023இல் முதல் ஆட்டமே நடப்புச் சாம்பியன் கேன்சஸ் சிட்டியோடு. தன் பக்கத்து 17 யார்டுக் கோட்டில் பன்ட் உதைப்பதுபோல் நின்று, உதைக்காமல் ஓடினார்கள். 21-20. நவம்பரில் சார்ஜர்ஸோடு 38-38, இரண்டு நிமிடம்கூட இல்லை, எளிய ஃபீல்டு கோல் தூரம். கேம்ப்பெல் உதைக்கவில்லை, நான்காவது டவுனில் எறியச் சொன்னார், வென்றார், நேரத்தைத் தின்றுவிட்டுக் கடைசி நொடியில் உதைத்து 41-38. எதிரே நின்ற பயிற்சியாளர் பிராண்டன் ஸ்டேலியும் இதே கொள்கைக்காரர்தான். 2022 ஜனவரியில் லாஸ் வேகாஸில் தன் பக்கத்து 18 யார்டுக் கோட்டில் துணிந்து தோற்று, நாடு முழுக்க வசை வாங்கியவர். அந்த ஆட்டத்தைக் கூடுதல் நேரம்வரை இழுத்துக்கொண்டு போனதும் நான்காவது டவுன் வெற்றிகளே என்பதை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. கேம்ப்பெல்லிடம் தோற்ற அடுத்த மாதமே அவர் வேலை போயிற்று.

லயன்ஸ் 2024 ஜனவரி 28 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸுக்கு எதிராக இறங்கியது. வென்றால் வரலாற்றில் முதல் சூப்பர் பௌல். இடைவேளையில் 24-7. மூன்றாம் கால்பகுதியில் 24-10, எதிரியின் 28 யார்டுக் கோடு, நான்காவது டவுன், 2 யார்டு. கேம்ப்பெல் துணிந்தார். ஜாஷ் ரெனால்ட்ஸ் கைக்கே வந்த பந்து நழுவியது. அடுத்து எதிரி தூர எறிந்த பந்து லயன்ஸ் தற்காப்பு வீரரின் முகக் கம்பியில் மோதி எகிறி 49அர்ஸ் ஆளின் கைக்கே போயிற்று, 51 யார்டு. பின்னர் ஒரு லயன்ஸ் வீரர் பந்தைக் கைநழுவ விட்டார். 24-27. 30 யார்டுக் கோட்டில் மீண்டும் நான்காவது டவுன், 3 யார்டு, உதைத்தால் சமன். மீண்டும் துணிந்தார், மீண்டும் தோல்வி. 34-31.

கணக்குப் போட்டவர்கள் இரண்டு முடிவையும் ஏறத்தாழ சமநிலை என்றே சொன்னார்கள். என் தீர்ப்பு: முதலாவது சரி, இரண்டாவதில் நான் உதைத்திருப்பேன். ஆனால் நான் கவனிப்பது ஆட்டத்துக்குப் பின் நடந்ததை. வருந்தவில்லை, விமர்சனம் வரும் என்பது தெரியும் என்று கேம்ப்பெல் தானே முன்வந்து வாங்கிக்கொண்டார். பந்தை நழுவவிட்டவர் பக்கம் விரலை நீட்டவில்லை. அடுத்த பருவத்தில் அதே அணி 15-2, அணியின் வரலாற்றிலேயே சிறந்த பதிவு. பிறகு சொந்த மைதானத்தில் வாஷிங்டனிடம் 45-31 என்று தோற்றார்கள். பின்தங்கியிருந்த கடைசிக் கால்பகுதியில் ஒரு தந்திர வியூகம், குவார்ட்டர்பேக் அல்லாதவர் எறிந்த பந்து, நேரே எதிரி கையில். மினியாபொலிஸில் ஆடிப் பிறகு சிலையான வியூகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி அது.

சூப்பர் பௌல் பிப்ரவரியில் வரும். அங்கே ஞாயிறு மாலை, நமக்குத் திங்கள் அதிகாலை 5 மணி. விழித்திருப்பவர்கள் பாருங்கள். நான்காவது டவுன் வந்து இரண்டு யார்டு பாக்கி என்றால் பந்தை விட்டுவிட்டுக் கோட்டோரம் அட்டையோடு நிற்கும் ஆளைப் பாருங்கள். முயற்சி தோற்றால், மறுநாள் பேட்டியில் ‘நான்’ என்று பேசுகிறாரா, ‘பையன்கள்’ என்று பேசுகிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.